பழைய மோட்டார் சைக்கிளில் பெற்றோல் கசிவு: இடத்தைக் கண்டுபிடிப்பது முதல் காபரேற்றரைக் கழுவிப் பூட்டுவது வரை

விடியற்காலையில் சாமி விளக்கேற்றப் போன அம்மா, தீப்பெட்டியைக் கையில் வைத்தபடியே நின்று என்னைக் கூப்பிட்டார். வீடு முழுக்கப் பெற்றோல் மணம். நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குடியிருக்கிறோம். வண்டி நிறுத்த முற்றம் இல்லாததால், இரவில் மோட்டார் சைக்கிளை வாசல் நடைக்குள் ஏற்றி வைப்பது பல வருடப் பழக்கம். அன்று இன்ஜினுக்குக் கீழே சீமெந்துத் தரையில் உள்ளங்கையளவு ஈரம் இருந்தது. அம்மா அந்தக் குச்சியை உரசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் உடல் நடுங்குகிறது.

இத்தனைக்கும் அந்த வண்டி இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் கராஜுக்குப் போய் வந்திருந்தது. அடியில் சொட்டுகிறது என்று சொன்னதுமே, பெற்றோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் காபரேற்றரைக் கழற்றிவிட்டு, புதிதாக ஒரு மலிவு நகலைப் பூட்டித் தந்தார்கள். பழையதைக் கேட்டு வாங்கி வந்து பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைத்தேன். காசு போனது, கசிவு போகவில்லை. உண்மையில் கசிந்தது காபரேற்றரே இல்லை. பெற்றோல் தாங்கியின் அடியிலுள்ள, பெற்றோலைத் திறந்து மூடும் டெப்பில் ஒரு சிறிய ரப்பர் துண்டு இறுகிப்போயிருந்தது. பெற்றோல் அங்கிருந்து குழாயின் வெளிப்புறமாக இறங்கி, காபரேற்றரைச் சுற்றி ஓடி, அதன் அடியிலிருந்து சொட்டியிருக்கிறது.

ஆகவே கசிவு எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்க்கும்வரை ஒரு திருகாணியையும் தொடாதீர்கள். கீழே நான் சொல்பவை காற்றால் குளிரும், ஒற்றைச் சிலிண்டர், 100 முதல் 150 சிசி வரையான பழைய மோட்டார் சைக்கிள்களை மனதில் வைத்தவை. பழைய ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கர வண்டி), முச்சக்கர வண்டி, சிறிய ஜெனரேற்றர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்குவதற்கு முன்

பெற்றோல் மைனஸ் 40 பாகைக்கும் கீழான குளிரிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். கொழும்பின் 30 பாகை வெயிலில் சொல்லவே வேண்டியதில்லை. காற்றில் 1.4 சதவீதம் ஆவி கலந்தாலே போதும், ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தவழ்ந்து, கதவிடுக்கு வழியாக அடுத்த அறைக்குள் போகும். அங்கே காஸ் அடுப்போ, சாமி விளக்கோ, கொசுவர்த்தியோ எரிந்துகொண்டிருக்கலாம். அதனால் வேலையை வெளியே, காற்றோட்டமான இடத்தில், பகலில் செய்யுங்கள். இடம் இல்லாவிட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நண்பர் வீட்டு முற்றத்தில் செய்யுங்கள். மாடிக் குடியிருப்பின் கீழ்த்தள வாகனத் தரிப்பிடம் இதற்கு ஏற்ற இடமில்லை.

பற்றரியின் எதிர்மறை (−) முனை வயரைக் கழற்றி விடுங்கள். பக்கத்தில் உலர்தூள் தீயணைப்பான் ஒன்றோ, குறைந்தது ஒரு வாளி மணலோ இருக்கட்டும். பெற்றோல் தீக்குத் தண்ணீர் ஊற்றினால், எரியும் பெற்றோல் தண்ணீரின் மேல் மிதந்து பரவும். தாங்கியிலிருந்து பெற்றோலை வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு மிடறு தவறி நுரையீரலுக்குள் போனாலே கடுமையான அழற்சி வரும். தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். தாங்கியில் டெப் இருக்கிறது. குழாயைக் கழற்றி ஒரு கலனுக்குள் விட்டு டெப்பைத் திறந்தால் பெற்றோல் தானாக இறங்கும். கலன் உலோகமாகவோ பெற்றோலுக்கென்று செய்த தடித்த பிளாஸ்ரிக் கானாகவோ இருக்கவேண்டும். சோடாப் போத்தல் கூடாது.

இன்னொன்றையும் முதலிலேயே பாருங்கள்: இன்ஜின் ஒயில். அளவுக் கோலை எடுத்து மூக்கருகே பிடியுங்கள். பெற்றோல் மணம் வந்தாலோ, ஒயில் மட்டம் முன்பைவிட உயர்ந்திருந்தாலோ இன்ஜினை இயக்கவே கூடாது. காபரேற்றர் நிரம்பி வழிந்த பெற்றோல் வெளியே மட்டுமன்றிச் சிலிண்டருக்குள்ளும் இறங்கி ஒயிலோடு கலந்திருக்கிறது என்பது அதன் பொருள். அப்படி நீர்த்த ஒயிலில் பத்து நிமிடம் ஓட்டினாலே பெயரிங்குகளும் பிஸ்டனும் தேயத் தொடங்கும். கசிவைச் சரிசெய்த பின், ஒயிலை மாற்றிவிட்டுத்தான் கிக் அடிக்கவேண்டும்.

கசிவின் ஊற்றுக்கண்

வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்துங்கள். டெப்பை மூடி, தாங்கியின் அடி, டெப், குழாய், காபரேற்றர், அதற்குக் கீழே இன்ஜின் எல்லாவற்றையும் பழைய துணியால் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு முகத்துக்குப் பூசும் பவுடரை எடுத்து, டெப்பின் மேலிருந்து காபரேற்றரின் அடிவரை மெல்லிய படலமாகத் தூவுங்கள். கீழே ஒரு கார்ட்போர்ட் அட்டையை விரியுங்கள். இப்போது டெப்பைத் திறந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

என் வண்டியில் முதல் ஆறேழு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு டெப்பின் கைபிடித் தகட்டுக்குக் கீழே, வெள்ளைப் பவுடரில் கடுகளவு சாம்பல் நிறப் புள்ளி ஒன்று தோன்றியது. அது மெதுவாகக் கண்ணீர்த்துளி போல நீண்டு, குழாயின் முதுகில் கோடிழுத்துக்கொண்டே இறங்கியது. காபரேற்றரின் தலையில் பூசிய பவுடர் அதுவரை மாவு போல வெள்ளையாகவே இருந்தது. கோடு அதைத் தொட்ட பிறகுதான் நனைந்தது. கராஜில் யாராவது பதினைந்து நிமிடம் இப்படி உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒரு காபரேற்றரின் விலை மிஞ்சியிருக்கும்.

எந்த இடம் முதலில் நனைகிறதோ அதைப் பொறுத்துத்தான் வேலை. டெப்பின் கைபிடியைச் சுற்றி நனைந்தால் உள்ளிருக்கும் நான்கு துளை ரப்பர் கெட்டுவிட்டது. டெப்பும் தாங்கியும் சேரும் இடம் நனைந்தால் அங்குள்ள ஓ ரிங் என்ற ரப்பர் வளையம். குழாயின் நுனி நனைந்தால் குழாய் வெடித்திருக்கிறது அல்லது கிளிப் தளர்ந்திருக்கிறது. காபரேற்றரின் உடலும் அடிக் கிண்ணமும் சேரும் கோடு நனைந்தால் கிண்ணத்தின் ரப்பர் வளையம். கிண்ணத்தின் அடியிலிருந்து தொங்கும் மெல்லிய குழாய் வழியாகச் சொட்டினால், ஒன்றில் வடிகால் திருகாணி சரியாக மூடவில்லை, அல்லது கிண்ணம் நிரம்பி வழிகிறது. நிரம்பி வழிவதென்றால், கிண்ணத்தில் மட்டம் ஏறியதும் பெற்றோல் வரும் வழியை மூடவேண்டிய மிதவையும் அதன் ஊசியும்தான் குற்றவாளிகள். சில காபரேற்றர்களில் கிண்ணத்துக்குள் செங்குத்தாக நிற்கும் பித்தளை வழிகுழாயில் மயிரிழை வெடிப்பு விழுந்திருக்கும். மிதவை சரியாக இருந்தும் சொட்டு நிற்காவிட்டால் அதைப் பாருங்கள்.

கடலோரக் குடியிருப்பாளர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். உப்புக்காற்று தாங்கியின் அடிமடிப்பை வெளியிலிருந்து தின்னும். பாதி காலியான தாங்கிக்குள் படியும் ஈரம் உள்ளிருந்து தின்னும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊசிமுனைத் துளை விழும். இருக்கையைக் கழற்றி, தாங்கியின் பின்புற அடிமடிப்பில் பெயின்ற் கொப்பளித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அப்படித் துளை இருந்தால் வீட்டில் வெல்டிங் செய்து அடைக்க முயலாதீர்கள். காலியான தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. உள்ளே இருப்பது முழுவதும் ஆவி. தாங்கி வேலையையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள்.

எந்தப் பழுதும் இல்லாமல் மூடியருகே மட்டும் ஈரமாக இருந்தால், தாங்கியைக் கழுத்துவரை நிரப்பிவிட்டு வெயிலில் நிறுத்தினீர்களா என்று யோசியுங்கள். 10 லீற்றர் பெற்றோல் 15 பாகை சூடேறினால் ஏறத்தாழ 140 மில்லிலீற்றர் விரியும். அது எங்காவது போயாகவேண்டும்.

டெப்பும் குழாயும்

டெப் உண்மையாகவே மூடுகிறதா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. டெப்பை மூடி, காபரேற்றர் பக்கத்துக் குழாய் நுனியைக் கழற்றி ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு ஒரு மணிநேரம் பாருங்கள். போத்தல் காய்ந்தே இருக்கவேண்டும். பலருடைய வண்டிகளில் டெப் பல வருடங்களாகத் திறந்தபடியே கிடப்பதால், ரப்பரில் துளையின் அச்சு பதிந்து, மூடினாலும் மூடாது. மிதவை ஊசி சற்றுக் கசிந்தாலும், டெப் சரியாக மூடினால் இரவில் ஒரு சொட்டும் விழாது. டெப்பும் கெட்டு ஊசியும் கெட்டால் தாங்கி முழுவதும் விடிவதற்குள் இறங்கிவிடும். ஒன்றைச் சரிசெய்து கசிவு நின்றுவிட்டாலும் மற்றதையும் பார்த்துவிடுங்கள்.

தாங்கியைக் காலி செய்த பிறகு டெப்பைக் கழற்றுங்கள். கைபிடியின் இரண்டு சிறிய திருகாணிகளை எடுத்தால் தகடு, அலைபோன்ற வளையச் சுருள், கைபிடி, நான்கு துளை ரப்பர் என்ற வரிசையில் வெளியே வரும். வந்த வரிசையிலேயே துணியில் அடுக்கி வையுங்கள். மேற்பக்கம் தாங்கிக்குள் நிற்கும் உயரக் குழாய் வழக்கமான ஓட்டத்துக்கு, அடியிலுள்ள துளை ரிசேர்வுக்கு. இரண்டையும் சுற்றியுள்ள வலையில் துரு சேர்ந்திருந்தால் பழைய பல் தூரிகையால் கழுவுங்கள்; வலை கிழிந்திருந்தால் டெப்பையே மாற்றுங்கள். தாங்கியில் திரும்பப் பூட்டும்போது திருகாணிகளுக்கு அடியிலுள்ள மெல்லிய வொஷர்களை மறந்தால் மரை வழியாகவே கசியும்.

குழாயை வாங்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். மீன்தொட்டிக்குப் போடும் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் குழாய் பெற்றோலில் ஆறு மாதத்தில் மஞ்சளாகி, கல்லாகி, நுனியில் வெடிக்கும். பெற்றோலுக்கென்று செய்த ரப்பர் குழாயை, பழைய குழாயின் உள்விட்டத்துக்கே வாங்குங்கள். சிறிய வடிகட்டி ஒன்றை இடையில் போடலாம். அம்புக்குறி காபரேற்றரை நோக்கி இருக்கவேண்டும், குழாய் எங்கும் மேலேறி வளையாமல் தொடர்ந்து கீழ்நோக்கி இறங்கவேண்டும். இந்த வண்டிகளில் பம்ப் இல்லை, ஈர்ப்புவிசைதான் பெற்றோலைக் கொண்டுவருகிறது.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனால் இவை எல்லாம் கிடைக்கும். பழைய துண்டைக் கையோடு கொண்டு போங்கள். வண்டியின் பெயரைச் சொன்னால் கடைக்காரர் மூன்று விதமான ரப்பரை எடுத்து வைப்பார். உங்களுடையதோடு வைத்துப் பார்த்தால்தான் எது பொருந்தும் என்று தெரியும். தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் ஓ ரிங்கை அளவு சரி என்பதற்காக வாங்காதீர்கள். பெற்றோல் பட்டதும் அவற்றில் பல ஊதிப் பெருத்துவிடும்.

காபரேற்றர்

டெப்பைச் சரிசெய்ததும் என் கசிவு நின்றது. ஆனாலும் கராஜில் பூட்டிய நகலில் வண்டி ஒருநாளும் ஒழுங்காக நின்று ஓடவில்லை. சிவப்பு விளக்கில் நின்றால் அணைந்துவிடும். பிஸ்கட் டின்னில் கிடந்த பழைய காபரேற்றரையே திரும்பப் பூட்டுவதென்று முடிவெடுத்தேன். அதற்குள் மீதமிருந்த பெற்றோல் அப்படியே காய்ந்துபோயிருந்தது. தேய்ந்து போகாத ஒரு மூலக் காபரேற்றரை எறிந்துவிட்டு மலிவு நகலைப் பூட்டுவது பெரும் பிழை என்பது என் உறுதியான கருத்து. நகல்களில் துளைகளின் அளவுகள் ஒன்றுக்கொன்று மாறும், ஊசியும், பெற்றோலை அளந்து விடும் துளையுள்ள ஜெட்டும் உங்கள் இன்ஜினுக்கென்று தேர்ந்தெடுத்தவை அல்ல.

பெற்றோல் காய்ந்தால் என்ன ஆகும் என்பதை 2022இல் கொழும்பில் பலர் கண்டார்கள். எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று கொடுக்கத் தொடங்கிய காலத்தில் எத்தனையோ வண்டிகள் மாதக்கணக்கில் ஓடாமல் நின்றன. எளிதில் ஆவியாகும் பகுதிகள் பறந்துபோக, எஞ்சியது தேன் நிறத்தில் பிசினாக உறைந்து, மிகச் சிறிய துளையை முதலில் அடைக்கும். அந்தத் துளை பைலட் ஜெட்டில் இருக்கிறது. கெய்ஹின் என்ற ஜப்பானியக் காபரேற்றர் நிறுவனத்தின் ஜெட்டில் 35 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் ஏறத்தாழ 0.35 மில்லிமீற்றர். ஐட்லிங்குக்கான, அதாவது அக்சலேற்றரைத் திருகாமல் இன்ஜின் நின்று ஓடுவதற்கான பெற்றோல் முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. சோக்கை இழுத்தால் மட்டும் ஓடி, உள்ளே தள்ளியதும் அணையும் வண்டியில் நோய் பெரும்பாலும் இங்கேதான்.

கழற்றும் முறை. டெப்பை மூடுங்கள். கிண்ணத்தின் வடிகால் திருகாணியைத் தளர்த்தி, வருவதை ஒரு வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். அடியில் உருண்டை உருண்டையாகத் தனித்து நிற்பது தண்ணீர், செம்மண் போலப் படிவது தாங்கித் துரு. துரு வந்தால் தாங்கியைச் சுத்தம் செய்யாமல் காபரேற்றரைக் கழுவிப் பயனில்லை. ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். குழாயை இழுக்காமல் முறுக்கிக் கழற்றுங்கள். காபரேற்றரின் மேல்மூடியைத் திருகி எடுத்தால் அக்சலேற்றர் கம்பியோடு, அது மேலும் கீழும் இழுக்கும் சிலைடும் நீண்ட ஊசியும் சேர்ந்து வரும். அந்த ஊசி வளைந்தால் அதற்குப் பிறகு சரிவராது. துணியில் சுற்றி ஹேண்டிலில் தொங்கவிடுங்கள். ஊசியின் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்று கைப்பேசியில் படம் எடுங்கள். பிறகு காற்று வடிகட்டிப் பக்கத்துக் கிளிப்பையும் இன்ஜின் பக்கத்து இரண்டு சுரைகளையும் கழற்றி உடலை எடுத்து, இன்ஜினின் திறந்த வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். ஒரு வொஷர் உள்ளே விழுந்தால் சிலிண்டரையே கழற்றவேண்டி வரலாம்.

கிண்ணத்துத் திருகாணிகள் மென்மையானவை. ஜப்பானிய வண்டிகளின் நட்சத்திரத் தலைகள் வழக்கமான ஸ்டார் ஸ்குரூட்ரைவருக்குச் சரியாகப் பொருந்தாமல் வழுக்கும். ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) என்று குறித்த ஸ்குரூட்ரைவர் கிடைத்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் துரு நீக்கும் ஒயிலை விட்டு அரைமணி நேரம் பொறுத்து, ஸ்குரூட்ரைவரின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, உள்நோக்கி நன்றாக அழுத்தியபடி திருப்புங்கள்.

கிண்ணம் கழன்றதும் மிதவை தெரியும். அதைப் பிடித்திருக்கும் மெல்லிய ஆணியை, தலையில்லாத பக்கத்திலிருந்து தள்ளுங்கள். இறுகியிருந்தால் அடிக்காதீர்கள், ஆணியைத் தாங்கும் சிறு தூண் உடைந்தால் காபரேற்றரே போய்விடும். ஒயில் விட்டுக் காத்திருங்கள். மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே சளசளத்தால் அது துளைபட்டுப் பெற்றோல் குடித்திருக்கிறது, மாற்றவேண்டும். ஊசியின் கூர்முனையை வெளிச்சத்தில் பிடித்து, முடிந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கூம்பைச் சுற்றி நகத்தால் கீறியதுபோல ஒரு வளையம் தெரிந்தால் அந்த ஊசி இனி மூடாது. புதிய ஊசி போடும்போது அது உட்காரும் பித்தளைக் குழியையும் காதுக் குச்சியில் சிறிது உலோகப் பொலிஷ் தடவி மெல்லச் சுழற்றித் தேய்த்து, பொலிஷ் ஒரு துளியும் மீதமில்லாமல் கழுவிவிடுங்கள்.

ஐட்லிங்கில் பெற்றோலும் காற்றும் சேரும் அளவை மாற்றும் கலவைத் திருகாணியைக் கழற்றுவதற்கு முன், அதை உள்ளே எத்தனை சுற்றுத் திருப்பினால் மெதுவாக முட்டுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். அழுத்தி முறுக்கக் கூடாது, முனை வளையும். வெளியே எடுக்கும்போது சுருள், வொஷர், மிகச் சிறிய ஓ ரிங் மூன்றும் வரவேண்டும். ஓ ரிங் பெரும்பாலும் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் கிளீனர் அடித்தால் ஊதிப்போகும்.

ஜெட்டுகள் பித்தளை. தலையிலுள்ள வெட்டின் அகலத்துக்கு முழுதாகப் பொருந்தும் தட்டை ஸ்குரூட்ரைவரால் கழற்றுங்கள். மெயின் ஜெட், அதற்குப் பின்னால் பக்கவாட்டுத் துளைகள் கொண்ட குழல், ஆழத்தில் பைலட் ஜெட். என்னுடைய பைலட் ஜெட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நடுவில் வெளிச்சமே இல்லை, பழுப்பு நிறக் கண்ணாடி பதித்ததுபோல இருந்தது. கிளீனரில் இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் மின்வயருக்குள் இருக்கும் செம்புக் கம்பியில் ஒற்றை இழையைப் பிரித்து மெல்ல நுழைத்தேன். இரண்டாம் முறை ஏதோ நொறுங்குவது விரலில் தெரிந்தது. மறுபடி ஜன்னலுக்கு நேரே பிடித்தபோது ஊசிமுனையளவு வட்டமான வெளிச்சம், ஓரம் சிதையாமல். உருக்குக் கம்பியோ ஊசியோ பாவித்தால் துளை பெரிதாகிவிடும். ஜெட்டின் எண் பிறகு பொய்யாகும்.

உடலுக்குக் காபரேற்றர் கிளீனர் தெளிப்பானே போதும். ரப்பர், பிளாஸ்ரிக் அனைத்தையும் முதலில் எடுத்துவிடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். ஒரு துளையில் அடித்தால் அது வேறெங்கோ பீய்ச்சி, நேரே முகத்துக்கு வரும். தேசிக்காய்ச் சாற்றில் வேகவைக்கச் சொல்வார்கள். பித்தளையில் படிந்த பச்சைக் களிம்புக்கு அது நல்லதுதான், பிசினுக்கு அவ்வளவு உதவாது. அலுமினியமும் துத்தநாகமும் கலந்த உடலை அமிலத்தில் நெடுநேரம் போட்டால் மேற்பரப்பு அரிக்கும். நான் ஜெட்டுகளை மட்டும் அப்படிச் செய்வேன், உடலைச் செய்யமாட்டேன். கடைசியில் எல்லாத் துளைகளுக்குள்ளும் காற்று அடிக்கவேண்டும். பக்கத்து ரயர் கடையில் கேட்டால் செய்து தருவார்கள். சிலைடு ஓடும் பாதையின் தரையில், இன்ஜின் பக்கமாக இருக்கும் மிகச் சிறிய துளைகள்தான் எல்லோரும் மறப்பவை. கிளீனரைக் கலவைத் திருகாணியின் குழிக்குள் அடித்து, அது அந்தத் துளைகளிலிருந்து வெளிவருகிறதா என்று பாருங்கள்.

ஏடிவிகளிலும் சற்றுப் பெரிய மோட்டார் சைக்கிள்களிலும் மேல்மூடிக்குள் மெல்லிய ரப்பர் சவ்வு இருக்கும். அதன்மேல் கிளீனர் படக்கூடாது. வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துத் துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பூட்டுவதற்கு முன்னர் ஒரு சோதனை

ஜெட்டுகளைக் கையிறுக்கத்தோடு பூட்டி, மிதவையையும் ஊசியையும் வைத்த பிறகு மிதவையின் உயரத்தை அளக்கவேண்டும். காபரேற்றரைச் சரித்துப் பிடித்து, மிதவையின் நாக்கு ஊசியின் சுருள்முனையைத் தொடும், ஆனால் அழுத்தாத நிலையில், கிண்ணம் பொருந்தும் விளிம்பிலிருந்து அளக்கவேண்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும், கைநூலில் இருக்கும். நாக்கு உலோகமாக இருந்தால் இம்மியளவு வளைத்துச் சரிசெய்யலாம். பிளாஸ்ரிக் நாக்கை வளைக்கமுடியாது.

புதிய ரப்பர் வளையத்தை வைத்துக் கிண்ணத்தை மூடுங்கள். திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். சிலிக்கன் பசை பூசவே கூடாது. பெற்றோலில் அது ஊறிப் பிய்ந்து, நீங்கள் இவ்வளவு பாடுபட்டுத் திறந்த துளைகளையே அடைக்கும்.

இனி வண்டியில் பூட்டாமல், காபரேற்றரை ஒரு கம்பியில் நேராகத் தொங்கவிட்டு, குழாயும் சிறிய புனலும் பொருத்தி, தாங்கியின் உயரம் வருமாறு புனலைப் பிடித்துப் பெற்றோல் விடுங்கள். அடியில் பத்திரிகைத் தாள். சில விநாடியில் கிண்ணம் நிரம்பி, புனலில் மட்டம் இறங்காமல் நிற்கவேண்டும். அரைமணி நேரம் தாள் காய்ந்திருந்தால் ஊசி மூடுகிறது. இந்த அரைமணி நேரத்தைச் சேமிக்கப்போய், வண்டியில் பூட்டிய பின் மறுபடி கழற்றியவர்களை எனக்குத் தெரியும்.

வண்டியில் பூட்டும்போது சிலைடின் வெட்டப்பட்ட பக்கம் காற்று வடிகட்டியைப் பார்க்கவேண்டும், பக்கவாட்டுப் பள்ளம் ஐட்லிங் திருகாணியின் முனையில் அமரவேண்டும். மாற்றிப் போட்டால் அக்சலேற்றர் திறந்தபடியே சிக்கும், வண்டி கட்டுப்பாடின்றிப் பாயும். இன்ஜினை இயக்குவதற்கு முன் அக்சலேற்றரைத் திருகி விடுங்கள். உள்ளே 'டக்' என்று சிலைடு விழும் சத்தம் கேட்கவேண்டும். ஹேண்டிலை இடக்கோடியிலும் வலக்கோடியிலும் திருப்பி வைத்தும் அதே சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

கலவையைச் சரிபார்த்தல்

கலவைத் திருகாணியை நீங்கள் எழுதி வைத்த சுற்றுக்கே திறந்து வையுங்கள். எழுதவில்லையென்றால் ஒன்றரைச் சுற்றில் தொடங்கலாம். இன்ஜினை இயக்கி, பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஐட்லிங் திருகாணியால் வேகத்தைச் சற்றுக் கூட்டி வைத்து, கலவைத் திருகாணியைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிக் காதால் கேளுங்கள். இன்ஜின் எந்த இடத்தில் வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்திவிட்டு, ஐட்லிங்கை வழமைக்கு இறக்குங்கள். திருகாணி காற்று வடிகட்டிப் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது; உள்ளே திருப்பினால் பெற்றோல் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெற்றோலைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருப்பினால் கூடும். இதைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு மணிக்கணக்கில் திருகுபவர்கள் உண்டு.

நாலைந்து கிலோமீற்றர் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நடுப்பகுதி பால் தேநீர் நிறத்தில் இருந்தால் நல்லது. கரியாகக் கறுத்திருந்தால் பெற்றோல் அதிகம், சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் குறைவு அல்லது எங்கோ காற்று உள்ளிழுக்கிறது. காற்று இழுக்கிறதா என்று பார்க்க, காபரேற்றரும் இன்ஜினும் சேரும் இடத்தில் சவர்க்கார நீரைத் தெளியுங்கள். இன்ஜின் ஓசை மாறினால் அங்குள்ள ரப்பரோ காஸ்கெட்டோ மாற்றவேண்டும். சூடான இன்ஜினில் கிளீனரைத் தெளித்து இதைச் சோதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தீயோடு விளையாடாதீர்கள். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனைக்குப் போவதற்கு முன் இந்தக் கலவை வேலையைச் செய்துவிட்டால் அங்கே அலைச்சல் குறையும்.

கழுவிய பெற்றோலையும் பழைய ஒயிலையும் ஒழுங்கை வடிகானில் ஊற்றாதீர்கள். அது வாய்க்கால் வழியாக நேரே கடலுக்குப் போகிறது. மூடியுள்ள கலனில் சேர்த்துவைத்து, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கொடுங்கள். பெற்றோலில் ஊறிய துணிகளை வெளியே விரித்துக் காயவிட்ட பிறகே கழித்துவிடுங்கள்.

இரண்டு மூன்று வாரம் வண்டியை எடுக்கமாட்டீர்கள் என்று தெரிந்தால் டெப்பை மூடிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, கிண்ணத்து வடிகாலையும் ஒருமுறை திறந்து மூடுங்கள். வேலை முடிந்ததும் முதல் மூன்று இரவு வண்டியை வெளியில்தான் நிறுத்தினேன், அடியில் அதே கார்ட்போர்ட் அட்டையோடு. மூன்று காலையும் அட்டையைத் தூக்கி மணந்து பார்த்தேன், காய்ந்தே இருந்தது. நான்காம் நாள் அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டியை நடைக்குள் ஏற்றினேன்.